அல்ஃபாமாவில் ஒரு நாள்: தனியாகச் செல்பவர்களுக்கான நடை வழிகாட்டி

லிஸ்பன் நகரின் மிகப் பழைய குடியிருப்பான அல்ஃபாமாவுக்கு முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் தேஜு ஆற்றங்கரையில் இறங்கி, கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டையை நோக்கி மேலே ஏறத் தொடங்குகிறார்கள். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. வீடுகள் இருபுறமும் நெருங்கி நிற்பதால் வரைபடத்தின் நீலப்புள்ளி நாம் நிற்கும் சந்திலிருந்து அடுத்த சந்துக்குத் தாவுகிறது. நானும் முதல் தடவை அப்படித்தான் ஏறி, ஒரே முட்டுச்சந்துக்குள் மூன்று முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை, வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எதுவும் கேட்காமலேயே கையை நீட்டி வலப்பக்கம் காட்டினார். அடுத்த முறை உச்சிக்கு வண்டியில் போய், அங்கிருந்து இறங்கி நடந்தேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது முறையைச் சொல்கிறது. வழி தெரியாமல் போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை: கால் இறங்கினால் ஆறு வரும், ஏறினால் கோட்டை வரும்.

இந்த ஊர் ஏன் இப்படிச் சிக்கலாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நடை சுவைக்கும். அல்ஃபாமா என்ற பெயர் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அல்-ஹம்மா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. முஸ்லிம் ஆட்சிக் காலத்துத் தெரு அமைப்பின் சாயலை இன்றும் இங்கே காணலாம். 1755 நவம்பர் 1ஆம் தேதி, அனைத்துப் புனிதர் திருநாள் காலையில், நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பெருந்தீயும் அடுத்தடுத்து லிஸ்பனைத் தாக்கியபோது, பாறையின் மேல் அமைந்திருந்த இப்பகுதி பெருமளவு தப்பியது. அழிந்துபோன கீழ்நகரமான பைஷாவை அன்றைய அமைச்சர் பொம்பல் பிரபு நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான் என்றாலும், ஒன்று அளவுகோல் வைத்து வரைந்தது, மற்றொன்று மழைநீர் ஓடிய போக்கில் வளர்ந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

முதல்நாளே முடிவு செய்ய வேண்டியவை

செவ்வாய் அல்லது சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். பழம்பொருள் சந்தை அந்த இரு நாட்களில்தான் கூடும். திங்கட்கிழமையைத் தவிருங்கள், ஏனெனில் ஃபாடோ என்ற போர்த்துக்கீசியப் பாட்டு மரபுக்கான அருங்காட்சியகமும் தேசிய நினைவு மண்டபமும் அன்று மூடியிருக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடப்பதற்கு இதமானவை. ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் விழா. தெருத்தெருவாக மத்தி மீன் சுடும் புகையும் பாட்டும் கூட்டமுமாக விடிய விடிய நடக்கும். அதற்கென்றே வருவதானால் வாருங்கள். அமைதியாகச் சுற்ற நினைப்பவர் அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது.

காலணிதான் மிக முக்கியம். இங்குள்ள நடைபாதைகள் சிறு சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்துச் செய்யப்பட்டவை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அவை பளபளவென்று ஆகிவிட்டன. தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய தரைபோல வழுக்கும். அடிப்பாகம் ரப்பரால் ஆன, நன்கு பழகிய காலணியை அணியுங்கள். பெட்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். சக்கரப் பெட்டியைப் படிக்கட்டுகளில் தடதடவென்று இழுத்துச் செல்லும் ஓசைதான் அல்ஃபாமா மக்களின் நெடுநாள் தலைவலி. தண்ணீர்ப் புட்டி ஒன்று போதும், குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

மெட்ரோ நிலையத்தின் இயந்திரத்தில் நவெகான்டே என்னும் பயண அட்டையை 50 சென்ட்டுக்கு வாங்கி, அதில் 24 மணிநேரப் பயணச்சீட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். டிராம், பேருந்து, மெட்ரோ மூன்றுக்கும் அது செல்லும். பல முறை ஏறி இறங்குவதானால், ஒவ்வொரு முறையும் டிராமுக்குள் தனிச்சீட்டு வாங்குவதைவிட மலிவு.

காலை எட்டு மணிக்குள் மேலே

மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்திலிருந்து 28 எண் டிராம் புறப்படுகிறது. மரத்தாலான உள்பக்கமும் பித்தளைக் கைப்பிடிகளும் கொண்ட பழைய ஒற்றைப் பெட்டி வண்டி அது. எட்டு மணிக்கு முன்பு போனால் சன்னலோர இருக்கை கிடைக்கும். பத்து மணிக்குப் போனால் ஒரு மணிநேரம்கூட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஏறிய பிறகும் நின்றபடிதான் பயணம். அப்படி வரிசை நீண்டிருந்தால் பிடிவாதம் வேண்டாம், அதே இடத்திலிருந்து 734 எண் பேருந்தும் மேட்டுக்குப் போகிறது. 28 எண் டிராம் ஜேப்படித் திருடர்களுக்குப் பேர்போனது. தனியாகச் செல்பவருக்குப் பின்னால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கைப்பேசியைப் பின்பையில் வைக்காதீர்கள், கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டு அதன் நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

கிராசாவில் இறங்குங்கள். தேவாலயத்தை ஒட்டிய காட்சி மேட்டிலிருந்து பார்த்தால், எதிரே கோட்டைக் குன்றும், சரிவெங்கும் செவ்வோட்டுக் கூரைகளும், தொலைவில் ஆற்றின் குறுக்கே 1966இல் திறக்கப்பட்ட சிவப்புத் தொங்குபாலமும் ஒரே பார்வையில் அடங்கும். அங்கே ஒரு காப்பி குடியுங்கள். லிஸ்பன்காரர்கள் சிறு கோப்பையில் வரும் கடுங்காப்பியைப் பிக்கா என்பார்கள். உள்ளே நின்றபடி குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலி போட்டு அமர்ந்தால் வேறு விலை என்பது பல கடைகளில் வழக்கம்.

சந்தையும் ஓடுகளில் வரைந்த கதைகளும்

கிராசாவிலிருந்து சாந்தா கிளாரா திடலுக்கு மெல்ல இறங்கினால் ஃபெய்ரா த லாத்ரா சந்தை விரிந்திருக்கும். பெயரைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் திருடியின் சந்தை. தரையில் துணி விரித்துப் பழைய இசைத்தட்டுகள், தபால் அட்டைகள், ஒற்றைக் காதணிகள், யாரோ ஒருவரின் குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் பரப்பியிருப்பார்கள். பேரம் பேசலாம். ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்: அசுலேஷு எனப்படும் பழைய வண்ண ஓடுகள். அவற்றில் கணிசமானவை கைவிடப்பட்ட வீடுகளின் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவையாக இருக்கக்கூடும். ஆசையாக இருந்தால், புதிதாகச் செய்து விற்கும் பட்டறைகளில் வாங்குங்கள்.

அசலான பழைய ஓடுகளை அவற்றின் இடத்திலேயே பார்க்கத் திடலை ஒட்டிய புனித விசென்ட் மடம் இருக்கிறது. கட்டணம் உண்டு, கொடுக்கலாம். மாடியில் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளைச் சித்திரிக்கும் 38 நீல ஓட்டுப் பலகைகள் இருக்கின்றன. அவர் தம் இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில் பில்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதியவர். பஞ்சதந்திரக் கதைகள் அந்தப் பெயரில்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு பலகையாக நின்று, நரியையும் காக்கையையும் கழுதையையும் பார்த்து, பலகைக்கு அடியில் உள்ள விளக்கத்தைப் படிக்கும் முன் எந்தக் கதை என்று ஊகித்துப் பார்த்தேன். பல கதைகள் ஆரம்பப் பள்ளியிலேயே கேட்டவை. உடன் வந்து அவசரப்படுத்த ஆளில்லாத நாளில்தான் இப்படி ஒன்றரை மணிநேரம் செலவழிக்க முடியும். மொட்டைமாடிக்கும் ஏற மறவாதீர்கள்.

வெள்ளைக் குவிமாடம் கொண்ட தேசிய நினைவு மண்டபம் பக்கத்திலேயே நிற்கிறது. சாந்தா எங்க்ராசியா தேவாலயமாக 1682இல் கட்டத் தொடங்கி 1966இல்தான் இதை முடித்தார்கள், எனவே முடிவே இல்லாத வேலையைப் போர்த்துக்கீசியர்கள் சாந்தா எங்க்ராசியா வேலை என்கிறார்கள். ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகஸ் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நேரம் குறைவாக இருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

கோட்டை வேண்டுமா?

அடுத்து போர்ட்டாஸ் து சோல் மேடை. ஒரு படகையும் இரண்டு காக்கைகளையும் ஏந்தி நிற்கும் சிலை நகரின் காவல் புனிதரான விசென்ட்டினுடையது. அவர் உடலைக் கொண்டுவந்த கப்பலுக்குக் காக்கைகள் காவல் வந்தன என்பது மரபுக்கதை. இரண்டு நிமிட நடையில் சாந்தா லூசியா மேடையும், காகிதப்பூக் கொடிப் பந்தலும், தேவாலயத்தின் வெளிச்சுவரில் இரண்டு பெரிய ஓட்டுச் சித்திரங்களும் வரும். ஒன்றில் 1755க்கு முந்தைய ஆற்றங்கரை அரண்மனைச் சதுக்கம். மற்றதில் 1147இல் கிறித்தவப் படை முஸ்லிம்களிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றும் காட்சி. பெரும்பாலோர் சுவருக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் படம் பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் திரும்பி நின்று அந்தச் சதுக்கத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மாலையில் அதே இடத்துக்கு நேரில் போகலாம்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போக வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். கையில் ஒரே நாள்தான் என்றால் வேண்டாம் என்பேன். இப்போது நிற்கும் மதில்களில் பெரும்பகுதி 1938 முதல் நடந்த மறுசீரமைப்பில் எழுந்தது. கட்டணமும் வரிசையும் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடும். குழந்தைகளோடு வந்தால் அங்கே திரியும் மயில்களுக்காகப் போகலாம்.

சந்துகளுக்குள் இறங்குதல்

போர்ட்டாஸ் து சோல் மேடையின் ஓரத்திலிருந்து மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களின் காலத்துப் பழைய மதிலை ஒட்டி ஒரு படிக்கட்டு இறங்குகிறது. போகிற வழியில் லிஸ்பனின் வரலாற்றைக் கேலிச்சித்திரமாக வரைந்த சுவர் ஒன்றும் உண்டு. இங்கே கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். வரைபடத்துக்குப் பதிலாகத் தெருப்பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ருவா என்றால் தெரு, லார்கு என்றால் சிறு திடல், எஸ்கடின்யாஸ் என்றால் படிக்கட்டு வழி, பெக்கு என்றால் சந்து. பெக்கு என்று எழுதியிருந்தால் மறுமுனை அடைபட்டிருக்கலாம் என்று எதிர்பார்த்தே நுழையுங்கள். பாத்தியு என்று எழுதியிருந்தால் அது சில குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் முற்றம், எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவதே மரியாதை.

தமிழ் தெரிந்தவருக்கு இந்தச் சந்துகளில் இன்னொரு இன்பம் காத்திருக்கிறது. மேலே நிமிர்ந்தால் ஜனேலா, அதாவது நம் ஜன்னல். அதன் வெளியே கம்பியில் காயும் துவால்யா நம் துவாலை. சட்டையில் பொத்தாவுங், நம் பொத்தான். கதவில் தொங்கும் சாவியை ஷாவ் என்பார்கள், சாப்பிட அமரும் மேசையை மேசா என்பார்கள். ரொட்டிக் கடையில் பாவுங் என்று கேட்டால், ஈழத்தவர் அன்றாடம் வாங்கும் பாண்தான் வரும். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி நம் கரைக்கு வந்து நம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட சொற்களை அவற்றின் பிறந்த வீட்டில் கேட்பது, தூரத்து உறவினர் வீட்டில் நம் வீட்டுப் பாத்திரத்தைக் கண்டதுபோல இருக்கும்.

புனித மிகேல் தேவாலயத் திடலை நடுவாக வைத்துக்கொண்டு நான்கு பக்கமும் அலையலாம். பெக்கு து கர்னெய்ரு என்ற சந்தில் இரு கைகளையும் முழுதாக நீட்ட இடம் இருக்காது. மேலே எதிரெதிர் வீட்டுக் கூரைகள் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும். பெக்கு து மெஷியாஸ் சந்தில் பொதுச் சலவைத்தொட்டி ஒன்று இருக்கிறது. நான் போனபோது கல்தொட்டியின் விளிம்பில் பாதி தேய்ந்த நீலச் சோப்புக்கட்டி ஒன்று ஈரத்தோடு இருந்தது. சற்று முன்புதான் யாரோ துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இவை மக்கள் வாழும் வீடுகள் என்பதை அந்தச் சோப்புக்கட்டி எனக்கு நினைவூட்டியது. வாசலில் அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கடக்கும்போது முற்பகலில் போங் தியா என்றும், மதியத்துக்குப் பின் போவா தார்த் என்றும் வணக்கம் சொல்லுங்கள். நன்றி சொல்ல ஆண்கள் ஒப்ரிகாது என்பார்கள், பெண்கள் ஒப்ரிகாதா என்பார்கள். கிராசியாஸ் என்ற ஸ்பானியச் சொல்லை மட்டும் தவிருங்கள். ஆளைப் படம் எடுக்கும் முன் சைகையாலாவது அனுமதி கேளுங்கள், உலர்த்தியிருக்கும் உள்ளாடைகளைப் படம் எடுக்காதீர்கள். கதவோரங்களில் ஏஎல் என்ற எழுத்துகள் பொறித்த சிறு பலகைகளைக் காண்பீர்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் வீடு என்பதற்கான அடையாளம் அது. சில படிக்கட்டுகளில் அந்தப் பலகை இல்லாத கதவைத் தேட வேண்டியிருக்கிறது. பழைய குடிகள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுவதைப் பற்றி இங்குள்ளவர்கள் கசப்போடு பேசினால் பொறுமையாகக் கேளுங்கள், அந்தக் கசப்புக்குக் காரணம் இருக்கிறது. சில பாட்டிகள் வாசலில் சிறு மேசை போட்டு ஜின்ஜா என்ற புளிப்புச் செர்ரி மதுவைச் சின்னக் கோப்பையில் விற்பார்கள். மது அருந்துபவராக இருந்தால், அங்கே கொடுக்கும் ஓரிரு யூரோ நேராக அந்த வீட்டுக்கே போய்ச் சேரும்.

மதிய உணவு

பிற்பகல் ஒரு மணி வாக்கில் ருவா துஸ் ரெமேதியுஸ் தெருவில் சிறிய உணவகம் ஒன்றைப் பாருங்கள். வாசலில் ஆள் நின்று கூவி அழைக்கும் கடையையும், எட்டு மொழிகளில் படம் போட்ட உணவுப் பட்டியலையும் தாண்டிச் செல்லுங்கள். கையால் எழுதி ஒட்டிய பிராத்து து தியா, அதாவது அன்றைய உணவு, இருக்கும் இடமே நல்லது. அமர்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி மேசைக்கு வரும். அது அன்பளிப்பு என்று நினைத்து முழுவதையும் தீர்த்துவிட்டு, கணக்குச் சீட்டில் அதற்குத் தனியாக விலை போட்டிருப்பதைக் கண்டு நான் விழித்திருக்கிறேன். அதில் ஏமாற்று ஏதும் இல்லை, அது அந்நாட்டு வழக்கம். தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை.

மீன் உண்பவர்கள் கோடையில் சுட்ட மத்தி மீனைக் கேட்கலாம். சைவ உணவுக்காரர்கள் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். கால்து வெர்த் என்ற கீரைச் சூப்பில் பன்றிக் கொத்திறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டுத்தான் தருவார்கள். செங் கார்னெ, செங் பெய்ஷ், அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனி ஆளுக்கு மேசை கேட்கத் தயங்காதீர்கள். வேலை நாள் மதியத்தில் உள்ளூர்க்காரர்களும் தனியாகத்தான் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள்.

ஆற்றோரப் பிற்பகல்

வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஃபாடோ அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளுங்கள். பழைய நீரேற்று நிலையத்தில் 1998இல் திறக்கப்பட்டது இது. காதொலிக் கருவியில் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டுப் போனால், இரவில் கேட்கப்போகும் பாட்டுக்குக் காது பழகியிருக்கும்.

வெளியே வந்து ஆற்றை இடப்பக்கம் வைத்து மேற்கு நோக்கி நடந்தால், அரசன் நீரூற்று என்ற பழைய பொதுக் குழாய் வரும். பார்வைக்குச் சாதாரணச் சுவர், ஆனால் அதன் வரலாற்றை அறிந்தால் கால் நின்றுவிடும். 1551இல் நகரசபை அதன் ஆறு குழாய்களையும் பங்கு பிரித்தது. அடிமைகளும் கறுப்பினத்தவரும் ஒரு குழாயில், வெள்ளையர் வேறு குழாயில், பெண்களுக்குள்ளும் இனத்துக்கு ஒன்றாக வெவ்வேறு குழாயில் என்று பிடிக்க வேண்டும் என்பது விதி. ஊர்க் கிணறுகளின் கதை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னும் சற்றுத் தொலைவில் முகப்பெங்கும் கூர்முனைக் கற்கள் துருத்தி நிற்கும் காசா துஸ் பிகுஸ் மாளிகை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜோசே சரமாகோவின் அறக்கட்டளை இங்கே இயங்குகிறது. எதிரில் நிற்கும் ஆலிவ் மரத்தடியில் அவருடைய சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள இருக்கையில் அமர்ந்து ஆற்றைப் பாருங்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இந்த நகரத்தில்தான். 1554இல் ரோமன் எழுத்துகளில் தமிழையும் போர்த்துக்கீசியத்தையும் சேர்த்து, கிறித்தவ மறைக்கல்விச் சிறுநூல் ஒன்று இங்கே அச்சிடப்பட்டது.

மாளிகையின் பின்புறமாகச் சரிவில் ஏறினால் தலைமைப் பேராலயமான சே. 1147இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்ஸ், பள்ளிவாசல் இருந்த இடத்தில் இதைக் கட்டத் தொடங்கினார். அதற்கு எதிரே சிறிதாக நிற்பது புனித அந்தோணியார் தேவாலயம். உவரியிலும் கச்சத்தீவிலும் கோடி அற்புதர் என்று கொண்டாடப்படும் அதே அந்தோணியார்தான். இத்தாலியின் பதுவை நகரின் பெயரோடு சேர்த்து அறியப்பட்டாலும் அவர் 1195இல் பிறந்தது இங்கே. பிறந்த இடமாகக் கருதப்படும் நிலவறைக்குப் படியிறங்கிப் போகலாம். அங்கிருந்து பத்து நிமிடம் இறங்கி நடந்தால், காலையில் ஓட்டுச் சித்திரத்தில் பார்த்த ஆற்றங்கரைச் சதுக்கம். அரண்மனை இப்போது இல்லை, மஞ்சள் நிற வளைவு மாடங்கள் நிற்கின்றன. அங்கும் பைஷா தெருக்களிலும் யாராவது நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் போதைப்பொருள் விற்க முயன்றால், நின்று பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

இரவு: ஃபாடோ

சற்று இளைப்பாறிவிட்டு எட்டு மணிக்கு மேல் அல்ஃபாமாவுக்குத் திரும்புங்கள். ஃபாடோ விடுதிகளில் இரண்டு வகை உண்டு. தொழில்முறைப் பாடகர்கள் பாடும் இடங்களில் முன்பதிவு வேண்டும், குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று நிர்ணயம் இருக்கும். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபாடோ வாதியு எனப்படும் எளிய மதுக்கடைகளில் அக்கம்பக்கத்தவரே எழுந்து பாடுவார்கள், சமையலறையிலிருந்து கை துடைத்தபடி வந்து பாடுபவரும் உண்டு. தனி ஆளுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. நீள மேசையில் யாருக்காவது பக்கத்தில் இடம் கொடுத்துவிடுவார்கள்.

விளக்கைத் தணித்துவிட்டால் பாட்டு தொடங்கப் போகிறது என்று பொருள். அந்தக் கணத்திலிருந்து பேச்சு, கரண்டி ஓசை, கைப்பேசி எல்லாம் நிற்க வேண்டும். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பாடகி கண்ணாலேயே அடக்கியதை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு தந்திகள் கொண்ட போர்த்துக்கீசிய கிதார் முன்னால் ஓடும், சாதாரண கிதார் தாளம் காக்கும், பாடுபவர் கண்ணை மூடி நிமிர்ந்து நிற்பார். மூன்று நான்கு பாட்டு முடிந்ததும் விளக்கு வரும், அப்போது சாப்பிடலாம், பேசலாம், காசு கொடுத்துவிட்டு வெளியேறவும் செய்யலாம். பாட்டின் நடுவில் எழுந்து போகாதீர்கள்.

திரும்பும்போது மேட்டுப் பக்கத்து இருட்டுச் சந்துகளில் குறுக்குவழி தேட வேண்டாம். ஆள் நடமாட்டமுள்ள தெரு வழியாகவே ஆற்றங்கரைக்கு இறங்கி, சாந்தா அபொலோனியா மெட்ரோ நிலையத்துக்குப் போய்விடுங்கள். நீலத் தடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது, இரவு ஒரு மணி வரை வண்டி உண்டு. அவசர உதவிக்கு எண் 112. நேரம் தப்பிவிட்டால் அதே நிலைய வாசலில் வாடகைக் கார்கள் நிற்கும்.